பூட்டிக் கிடக்கும் ஊர் ஓட்டு வீட்டை விடுமுறை வீடாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நகரத்தில் ஃபிளாட்டுக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் பலருக்கு ஊரில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ போனால் கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஒரு ராத்திரி எப்படியோ படுத்துவிட்டு மறுநாளே சித்தப்பா வீட்டுக்கோ டவுன் லாட்ஜுக்கோ மாறிவிடுவார்கள். அப்புறம் யாராவது ஒருவர், "இடிச்சுப் போட்டுட்டு ரெண்டு ரூம் தளம் போட்டுரலாம்" என்பார்.

இடிக்க வேண்டாம். சுவர் நிற்கிறது, மரம் பாதிக்கு மேல் நன்றாக இருக்கிறது என்றால் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்திவிடலாம். ஆனால் போனில் வரும் பண்ணை வீட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். அந்த வீடுகளில் தினமும் பெருக்கித் துடைக்க ஆள் இருக்கிறார்கள். உங்கள் வீடு வருஷத்தில் பத்து, பதினோரு மாதம் பூட்டியே கிடக்கப்போகிறது. அதனால் என்ன பொருள் வாங்குவது, எங்கே கழிப்பறை வைப்பது, சுவருக்கு என்ன பூசுவது என்று எதை முடிவு செய்தாலும், நீங்கள் அங்கே இருக்கும் நாட்களை நினைப்பதற்கு முன்னால் இல்லாத நாட்களை நினையுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நான் சொல்வது செங்கல் அல்லது மண் சுவர், மரச்சட்டம், மேலே ஓடு, நடுவில் முற்றம் என்று தென் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் இருக்கும் நடுத்தர வீடுகளுக்கு. செட்டிநாட்டில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பெரிய வீடுகளின் கணக்கு வேறு. அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, அதை அங்கங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1. கொத்தனாருக்கு முன்னால் பத்திரம்

ஊர் வீடு பெரும்பாலும் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அவருக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் இன்றைக்குப் பங்குதாரர்கள் பதினைந்து பேராவது தேறுவார்கள். நீங்கள் பணத்தைக் கொட்டி ஓடு மாற்றி முடித்த அடுத்த வருஷம்தான் அதுவரை எட்டிப் பார்க்காத பங்காளிக்கு வீட்டின் மேல் பாசம் பொங்கும். அதனால் வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பாகப்பிரிவினையோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ முறையாகப் பதிவு செய்துவிடுங்கள். அத்தைமார்களை விட்டுவிடாதீர்கள், பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு என்பதை 2005 சட்டத் திருத்தம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஊருக்குள் இருக்கும் பல வீடுகள் நத்தம் என்கிற ஊர்க் குடியிருப்பு நிலத்தில் இருப்பவை, அதற்குத் தனிப் பட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் இணைப்பும் யார் பெயரில் என்பதையும் கையோடு மாற்றிவிடுங்கள். கூடுதலாக அறை எதுவும் கட்டப்போகிறீர்கள் என்றால் ஊராட்சியில் கேட்டுக்கொள்வது நல்லது.

2. மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள்

எல்லாரும் செய்வது, வெயில் காலத்தில் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டிவிட்டு மதிப்பீடு கேட்பது. வெயிலில் எந்த வீடும் நல்ல வீடுதான். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வீட்டுக்குள்ளேயே இருங்கள். ஒரு சாக்பீஸ், டார்ச் லைட், ஸ்க்ரூடிரைவர், நோட்டு போதும். எங்கெங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர் கீழே தரையில் வட்டம் போடுங்கள். தெருத் தண்ணீர் வீட்டுப் பக்கம் வருகிறதா, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, எந்தச் சுவரில் ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) எத்தனை அடி உயரத்துக்கு ஏறியிருக்கிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள்.

மழை விட்டதும் மரத்தைப் பாருங்கள். தெருவில் நின்று முகட்டைப் பார்த்தால் கோடு நேராக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் கீழே உத்திரமோ (கூரையைத் தாங்கும் பெரிய மரம்) கைமரமோ (சரிவாகப் போகும் சட்டம்) போயிருக்கிறது. உள்ளே வந்து, கைமரங்கள் சுவருக்குள் நுழைகிற முனைகளில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் மரம் எப்போதும் நடுவில் கெடுவதில்லை, ஈரச் சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முக்கால் அடியில்தான் முதலில் உளுக்கும். ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், போட்ட வீடாக இருந்தால் விரலால் தட்டிக் கேளுங்கள்: வைரம் பாய்ந்த பனை கணீரென்று பேசும், வயசாகாத மரத்தை வெட்டிப் போட்டிருந்தால் உள்ளே சோறு போன்ற பகுதியை வண்டு தின்று பொத்தென்று சத்தம் வரும். கீழே மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. சுவரோரமாக மண் கோடு ஏறினால் கரையான்.

3. கூரை

கையில் இருக்கும் பணத்தில் பாதியை கூரைக்கும் தண்ணீர் வேலைக்கும் ஒதுக்குங்கள். மிச்சப் பாதியில்தான் மற்றதெல்லாம். இதை மாற்றிச் செய்தவர்கள் அழகான தரையின் மேல் பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேலை தொடங்க நல்ல நேரம் தை. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், ஓட்டைப் பிரித்துப் போட்டாலும் பயமில்லை. ஆடிக்கு முன்னால் ஓடு வேய்ந்து முகட்டையும் ஓரத்தையும் சாந்து வைத்துக் கட்டி முடித்திருக்க வேண்டும், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கட்டாத ஓடு எம்மாத்திரம்.

சீமை ஓடு என்று நம் ஊரில் சொல்லும் மங்களூர் ஓட்டை 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை போட்டுச் செய்யத் தொடங்கியவர்கள் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள். அதற்கு முன் நம் வீடுகளில் இருந்தது குயவர் செய்த நாட்டு ஓடு. உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்வது நல்லது. நாட்டு ஓட்டுக் கூரையின் குளுமைக்கு ஈடில்லைதான், ஆனால் குரங்கு வரும் ஊராக இருந்தால் யோசிக்க வேண்டும். ஒரு குரங்குக் கூட்டம் ஒரு காலை நேரத்தில் நாட்டு ஓட்டுக் கூரையைச் சல்லடையாக்கிவிடும், நீங்கள் ஊரில் இல்லாததால் அடுத்த மழை வரை தெரியவே தெரியாது. சீமை ஓடு ஒன்றோடொன்று கொக்கி போல் மாட்டிக்கொள்வதால் கொஞ்சம் தாங்கும்.

பழைய ஓட்டைப் பிரிக்கும்போது தூக்கி எறியச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாக இறக்கி, படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி, பாசியைத் தேங்காய் நாராலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்த்து, விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல ஓடு, மந்தமாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. இப்படித் தேற்றினால் கணிசமான ஓடு மிஞ்சும். பற்றாக்குறைக்குப் புதிய ஓடு வாங்கும்போது ஒரு விஷயம்: ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளமும் மேடும் இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகப் பொருந்தாது. இரண்டையும் கலந்து வேய்ந்தால் இடுக்கு வழியாக ஒழுகத்தான் செய்யும். அதனால் தேறிய பழைய ஓட்டையெல்லாம் தெருப் பக்கச் சரிவுக்கு ஒதுக்கிவிட்டு, கொல்லைப் பக்கச் சரிவு முழுக்கப் புதிய ஓட்டைப் போடுங்கள். ஓடு உட்காரும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பரை அடிக்கும் முன் கையில் இருக்கும் ஓட்டை வைத்து அளந்து இடைவெளியைக் குறிக்கச் சொல்லுங்கள்; ஆசாரி பழக்கத்தில் ஒரே அளவில் அடித்துக்கொண்டே போய்விடுவார்.

முற்றம் இருக்கும் வீட்டில் நான்கு பக்கச் சரிவும் சந்திக்கிற மூலைகளில் தகரக் கால்வாய் ஓடும். ஒழுகும் வீடுகளில் பாதிக்கு மேல் ஒழுகுவது அங்கேதான். பழைய தகரத்துக்குத் தார் பூசுவது எல்லாம் ஒரு மழைக்குத்தான் வரும், அதை எடுத்துவிட்டுக் கெட்டியான தகடாக, முன்பைவிட அகலமாகப் போடுங்கள். வேப்பிலையும் புளிய இலையும் அடைத்துக்கொள்வதுதான் அங்கே நிரந்தரப் பிரச்சினை என்பதால் ஆள் ஏறிச் சுத்தம் செய்ய ஓர் ஏணிக்கு இடம் விடுங்கள்.

ஓட்டுக்கு அடியில் என்ன? வெறும் ஓடாக விட்டால் தூசி கொட்டும், மே மாதத்தில் தகிக்கும். நல்ல வழி, கீழே தட்டையான சீலிங் ஓடு ஒரு அடுக்கு, மேலே சீமை ஓடு ஒரு அடுக்கு. நடுவில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும், கீழிருந்து பார்க்கவும் அழகு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வேறு ஒரு வழி வைத்திருந்தார்: நெளி நெளியான சிமென்ட் ஷீட்டைக் கீழே போட்டு அதன் பள்ளங்களில் நாட்டு ஓட்டை வரிசையாக உட்கார வைப்பார், ஒழுகவும் செய்யாது, பார்க்கவும் ஓட்டு வீடுதான். இன்றைக்கு அதைச் செய்வதாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஷீட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். பூட்டிய வீட்டில் அது எலிகளுக்கு நீங்கள் கட்டிக் கொடுக்கும் மாடி, போதாக்குறைக்கு ஒழுகுவதையும் மறைத்துவிடும்.

4. சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

இதில்தான் மேஸ்திரியோடு சண்டை வரும். "சுண்ணாம்பெல்லாம் யார் சார் இப்போ பூசுறா, சிமென்ட்ல பூசி பெயின்ட் அடிச்சா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்பார். பழைய சுவர் மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டியது, கீழே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியே போய்க்கொண்டும் இருக்கும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும், உப்புப் பூத்து பெயின்ட் உரியும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் சிமென்ட் பூச்சு பாளம் பாளமாகக் கையோடு வரும். ஆள் இருக்கும் வீட்டில் ஜன்னலாவது திறந்திருக்கும். பூட்டிய வீட்டில் அந்த ஈரம் எங்கே போகும்?

சுண்ணாம்பு வேலை கஷ்டமில்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கும், கிட்டே போகக் கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து. நீறியதைத் தண்ணீர் மூழ்கியபடி குறைந்தது இரண்டு வாரமாவது ஊற விட வேண்டும், ஊற ஊற அது கட்டித் தயிர் பதத்துக்கு வரும். கடுக்காயைத் தட்டி, கருப்பட்டியோடு இன்னொரு தொட்டியில் ஊறப் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் புளித்த வாடை அடிக்கும் பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து, இந்தத் தண்ணீரை விட்டுக் குழைப்பதுதான் சாந்து. கொஞ்சம் செங்கல் தூள் சேர்த்தால் ஈரம் தட்டும் இடத்தில் இன்னும் பலம். மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில நாள் விட வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் ஈரச் சாக்கைத் தொங்க விடுவார்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்பைப் பார்த்துவிட்டு அதுவே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது பல அடுக்கு வேலை. கடைசி அடுக்குகளில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தெரிந்த ஆட்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், கூலி அதிகம். வீடு முழுக்க வேண்டாம், கூடத்தில் ஒரு சுவர் செய்தால் போதும், அதன் அழகே தனி. மற்ற சுவர்களுக்கு வெள்ளையடியுங்கள்.

ஓதத்துக்கு மருந்து சுவரில் இல்லை, வெளியே இருக்கிறது. ஒவ்வொரு தடவை சிமென்ட் ரோடு போடும்போதும் பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. சுவரை ஒட்டிச் சேர்ந்திருக்கும் மண்ணையெல்லாம் வெட்டி எடுத்து, சுற்றிலும் தண்ணீர் விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்து ஒரு கால்வாய் வெட்டினாலே ஒரு வருஷத்தில் சுவர் பாதி காய்ந்துவிடும். உள்ளே தரையை உயர்த்தினால் நிலையில் தலை இடிக்கும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே என்று கேட்கலாம். சிமென்ட்டில் கட்டிய வீட்டுக்கு அது சரி, மண் சாந்துச் சுவருக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

5. முற்றத்தை மூடாதீர்கள்

வெயில், மழை, குரங்கு, திருடன் எல்லாவற்றுக்கும் பயந்து முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அன்றோடு அந்த வீட்டின் மூச்சு நின்றது. வீட்டுக்குள் சேரும் சூடு மேலே போக இருக்கும் ஒரே வழி அதுதான். பயம் நியாயமானது, அதற்குக் கம்பி கிராதி போடுங்கள், குரங்குத் தொல்லை இருந்தால் அதன் மேல் கெட்டியான வலையும் அடியுங்கள். சாரல் தாங்கவே முடியாது என்றால் ஓட்டு விளிம்புக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்று போகும்படி கண்ணாடிக் கூரை வைக்கலாம். அதுகூட அரை மனதோடுதான் சொல்கிறேன்.

முற்றத்துக்கு வந்து சேரும் தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9,000 லிட்டர். அதில் பாதி முற்றத்துக்குள் விழுந்தாலும் பழைய நாலு அங்குலக் குழாய் திணறும். ஆறு அங்குலக் குழாயாக, வளைவு இல்லாமல், இடையில் திறந்து சுத்தம் செய்ய ஒரு தொட்டியோடு போட்டு, கிணற்றுப் பக்கம் வடிகட்டி உறைகிணறு ஒன்றில் விடுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், ஓட்டு வீட்டுக்கு அது பிறவியிலேயே வந்தது. குழாயின் வெளிமுனைக்கு வலை மூடி போட மறக்காதீர்கள், பாம்பு வரும் வழி அது.

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு கிரில் அடித்து அறையாக்கிவிட வேண்டாம். நீங்கள் இல்லாதபோது மதியத்தில் நாலு பேர் அதில் உட்கார்ந்து பேசினால் அதைவிடப் பெரிய காவல் கிடையாது.

6. கழிப்பறை, தண்ணீர்

பிள்ளைகள் ஊருக்கு வர மறுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான், வேறு எதுவும் இல்லை. கொல்லைப் பக்கத் தாழ்வாரத்தின் கடைசியில், நனையாமல் நடந்து போகும்படி இரண்டு கழிப்பறைகள் கட்டுங்கள். பழைய வீட்டின் நடுவில் ஓர் அறையைத் தடுத்துக் குழாய் கொண்டுபோகாதீர்கள். ஒரு இடத்தில் கசிந்தாலும் மண் சுவர் கரைந்து இறங்கும். புதிதாக எழுப்பும் இந்தச் சின்னக் கட்டடத்துக்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறையைப் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி 2007-ல் மறைந்தவர் அவர். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே காற்றுக்கு இடைவெளி விட்டு ஒன்பது அங்குலச் சுவர் கட்டுவதை எலிப்பொறிக் கட்டு என்பார்கள். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. பழகாத கொத்தனார் முதல் நாள் முனகுவார், இரண்டாம் நாள் வேகம் பிடித்துவிடுவார்.

செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 60 அடியாவது தள்ளி இருக்கட்டும், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியைப் பழைய சுவரின் மேல் ஏற்றாதீர்கள். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. கொல்லையில் தனியாக நாலு தூண் எழுப்பி அதன் மேல் வைத்துவிடுங்கள்.

7. தரை

இருக்கும் தரை சிவப்புக் காவி கலந்த சிமென்ட் தரையாக இருந்தால் உடைக்காதீர்கள், கீறலோடு இருக்கட்டும். தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் சில தடவை துடைத்தால் பழைய சிவப்பு எழுந்து வரும். புதிதாகப் போட வேண்டிய இடத்துக்கு என் வாக்கு ஆத்தங்குடிக் கல்லுக்குத்தான். காரைக்குடி பக்கத்தில் ஆத்தங்குடியில் இன்னும் கையால்தான் செய்கிறார்கள், நேரமிருந்தால் போய்ப் பாருங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை அப்படியே மேலே தூக்கும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்க வேண்டும், அங்கேதான் கை வேலை. அதன் மேல் மணலும் சிமென்ட்டும் கலந்த பொடியைத் தூவி, பின்பக்கத்துக்குச் சாந்தை நிரப்பி வழித்துவிட்டு, ஒரு நாள் விட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஊற விடுகிறார்கள். அப்புறம் கண்ணாடி தானாகக் கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது.

சுடாத கல் என்பதால் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது, பதித்து முடித்த அன்றே ஆட்கள் ஆசிட் பாட்டிலோடு வருவார்கள், பக்கத்தில் நின்று தடுங்கள். நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் நடக்க ஆளில்லை என்பதால் ஆரம்பத்தில் சில மாதம் வாரம் ஒரு முறை துடைக்க ஏற்பாடு செய்யுங்கள். கடையில் வாங்கும்போது எல்லாக் கல்லும் ஒரே நேரத்தில் செய்தவையா என்று கேளுங்கள், வேறு வேறு நாளில் செய்தால் நிறம் மாறும். கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வையுங்கள், பின்னால் அதே நிறம் கிடைக்காது.

8. வயரிங், வெளிச்சம்

பழைய வயரைப் பிடுங்கிவிட்டு முழுக்கப் புதிதாக இழுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மண் சுவரை வெட்டிக் குழாய் புதைத்தால் சுவர் குலுங்கும். வெளியே தெரியும்படி நேர்த்தியாக ஓட்டுவதே நல்லது, கறுப்புக் குழாயில் ஓட்டினால் மரச்சட்டத்தோடு ஒத்துப் போகும். நல்ல எர்த் குழியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம், ஓட்டு வீட்டில் ஈரமும் எலி கடித்த வயரும் எப்போதும் உண்டு. மெயினை அணைத்துவிட்டுப் போனாலும் வாசல் விளக்கும் கேமராவும் எரிய ஒரு தனி லைன் பிரித்துக்கொள்ளுங்கள்.

பகல் வெளிச்சத்துக்கு அறைக்கு ஒரு கண்ணாடி ஓடு போதும், மேற்குச் சரிவில் வேண்டாம், மாலை வெயில் படுக்கையில் விழும். ராத்திரிக்கு வெள்ளை டியூப் லைட்டைத் தவிர்த்துவிட்டு, மஞ்சள் நிற எல்இடி பல்புகளைச் சுவரில் தாழ்வாக வைத்தால் மரமும் ஓடும் எழுந்து தெரியும். ஃபேனை உத்திரத்திலிருந்து நீளக் கம்பியில் தொங்க விட வேண்டும், கைமரத்தில் மாட்டக் கூடாது.

9. உள்ளே என்ன வைப்பது

குறைவாக. பிளைவுட் அலமாரி, மாடுலர் கிச்சன் எதுவும் கரையானுக்கு வைக்கும் விருந்து. சமையலறையில் கடப்பாக் கல் பலகை, எவர்சில்வர் தட்டு ரேக், ஒரு சின்ன மேடை, இவ்வளவு போதும், விடுமுறையில் அங்கே போய் எத்தனை நாள் சமைக்கப்போகிறீர்கள்? மெத்தை வைத்த சோபாவுக்குப் பதில் மர பெஞ்சு, கயிற்றுக் கட்டில், உத்திரம் உறுதியாக இருந்தால் ஒரு ஊஞ்சல். தரைக்குப் பவானி ஜமுக்காளமும் பத்தமடைப் பாயும், போர்த்திக்கொள்ளச் சென்னிமலைப் போர்வை. இவையெல்லாம் மடித்து டிரங்குப் பெட்டிக்குள் போகும், அதுதான் முக்கியம். பரணில் கிடக்கும் பாத்திரங்களையும் பழைய போட்டோக்களையும் இறக்கிப் பாருங்கள், அலங்காரத்துக்குக் கடைக்கே போக வேண்டியிருக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணும் கதவும் வாங்கலாம், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவை ஒவ்வொன்றும் யாரோ இடித்த வீட்டிலிருந்து வந்தவை என்பது எனக்கு உறுத்தும்.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் முடிக்கவும் அவசியமில்லை. மேலே சொன்ன பாவா, 1948-ல் பென்தோட்டைக்குப் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கி லுனுகங்க என்ற தன் வாரக் கடைசி வீட்டை உருவாக்கினார். 2003-ல் அவர் சாகும்வரை அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டேதான் இருந்தது. இங்கே மரத்தை வெட்டி ஏரி தெரிய வைப்பது, அங்கே ஒரு சுவரை எடுத்துத் திண்ணை போடுவது என்று, இருந்து பார்த்துப் பார்த்து மாற்றினார். அவரோடு பல வருஷம் பங்குதாரராக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் நம்ம தமிழ் ஆள்தான். மதுரையில் 1970-களில் கட்டிய மதுரை கிளப்பும் பாவாவின் வேலை. கூரையும் தண்ணீரும் முடிந்த பிறகு ஒரு கோடை, ஒரு மழை அந்த வீட்டில் தங்கிப் பாருங்கள், எந்த மூலையில் காற்று வருகிறது, காபியை எங்கே எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறீர்கள் என்று தெரிந்த பிறகு ஜன்னலையும் மேடையையும் முடிவு செய்யலாம்.

10. பூட்டிவிட்டுப் போவதற்கு முன்

குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் இடத்தில் இருக்கும் வளைவுக் குழாயான டிராப்பில் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வருவதில்லை. பூட்டிய சில வாரத்தில் அது ஆவியாகிவிடும், நீங்கள் திரும்பி வரும்போது வீடே நாறும். போகும்போது ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டு, மேலே ஒரு கனமான ரப்பர் மூடி வைத்துவிடுங்கள். மோட்டாரை அணைத்து, தொட்டித் தண்ணீரை இறக்கிவிட்டு, கேஸ் சிலிண்டரைக் கழற்றி வையுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவில் துணியை மடித்துச் செருகித் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை. ஜன்னல்களை இறுக்கி மூடாமல், சுவரின் மேல் பகுதியில் வலை அடித்த காற்றுத் துளைகள் எப்போதும் திறந்திருக்கும்படி முதலிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் சாவி. உள்ளூரில் நம்பிக்கையான ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து எல்லாக் கதவையும் திறந்து, பெருக்கி, டிராப்புகளில் தண்ணீர் ஊற்றி, இரண்டு மணி நேரம் காற்றாட விட்டு மூட வேண்டும். புரட்டாசியில் ஒரு தடவை ஏணி வைத்துத் தகரக் கால்வாயிலிருந்து இலை அள்ள வேண்டும், கரையான் கோடு இருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ அனுப்ப வேண்டும். "அக்கா, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். மாதச் சம்பளமாகப் பேசி, மறக்காமல் ஒன்றாம் தேதி அனுப்புங்கள், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுங்கள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல் உங்கள் முற்றத்தைக் கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள்.